நடப்பவரைக் கணக்கில் சேர்க்காத சாலைகள்

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 90 பேர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட புள்ளிவிவரம். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

இந்த எண்களை ஆண்டுதோறும் படிக்கிறோம். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் மேடை போட்டுப் பேசுகிறோம். ஆனால், இவை பொருளாதாரம் சார்ந்த எண்கள் என்பதைக் கவனிப்பதில்லை. மக்கள் நடப்பதாலும் சைக்கிள் மிதிப்பதாலும் அரசுக்கும் குடும்பங்களுக்கும் எவ்வளவு மிச்சமாகிறது, அவர்களைச் சாலையிலிருந்து விரட்டினால் அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கணக்கு நம் திட்ட அறிக்கைகளில் இல்லை. மின் ஸ்கூட்டர்களும் மின் சைக்கிள்களும் தெருத்தெருவாகப் பெருகிவரும் இந்த நேரத்தில் அந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். இல்லையென்றால், பெட்ரோல் வண்டிகளுக்காகச் செய்த அதே தவற்றை மின்வண்டிகளுக்காகவும் செய்துமுடிப்போம்.

யாருடைய சாலை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு கேள்வியைப் புதிதாகக் கேட்டது: வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்? விவசாயத்திலும் வீட்டுத் தொழிலிலும் இல்லாத தொழிலாளர்களில் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் நடந்தும், 2.6 கோடிப் பேர் சைக்கிளிலும் போவதாகச் சொன்னார்கள். கார், ஜீப், வேனில் போனவர்கள் ஏறத்தாழ 54 லட்சம் பேர். காரில் போகும் ஒருவருக்கு, நடந்தோ மிதித்தோ போகிறவர்கள் பதின்மூன்று பேர்.

சென்னையில் 2008இல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வின்படி, நகரின் பயணங்களில் 28 விழுக்காடு நடை. 6 விழுக்காடு சைக்கிள். மூன்றில் ஒரு பங்குப் பயணத்துக்கு எஞ்சின் தேவைப்படவில்லை. பேருந்திலும் மின்சார ரயிலிலும் போகிறவர்களும் நிறுத்தம் வரை நடந்துதான் வருகிறார்கள். ஆக, நடைபாதை என்பது ஏதோ ஒரு சிலருக்குச் செய்துதரும் வசதி இல்லை. நகரத்தின் முதன்மையான போக்குவரத்துக் கட்டமைப்பே அதுதான்.

அப்படியிருந்தும் திட்டம் தீட்டும் இடத்தில் இவர்கள் காணாமல் போவது எப்படி? ஒரு சாலையை அகலப்படுத்தவோ மேம்பாலம் கட்டவோ முடிவெடுக்கும் முன் அந்த இடத்தில் வாகனங்களை எண்ணுகிறார்கள். எண்ணுவதற்கான அலகு ‘பி.சி.யு.’, அதாவது ‘பயணிகள் கார் அலகு’. ஒரு கார் என்றால் 1. பேருந்து, லாரி என்றால் அதைவிடக் கூடுதல். இருசக்கர வாகனம் என்றால் குறைவு. நடப்பவருக்கு இந்த அலகில் மதிப்பே கிடையாது. திட்டத்தின் பயனைக் கணிக்கும்போதும் வாகனங்களுக்கு மிச்சமாகும் எரிபொருளும் நேரமுமே பெரிய வரவாக வைக்கப்படுகின்றன. முன்பு நேராகச் சாலையைக் கடந்த ஒரு மூதாட்டி, மேம்பாலம் வந்த பிறகு அரை கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருந்தால் அவர் இழக்கும் நேரம் எந்தப் பத்தியிலும் செலவாக எழுதப்படுவதில்லை. எண்ணப்படாதவருக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

வரவும் செலவும்

எண்ணிப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? ஸ்டெஃபான் கோஸ்லிங் தலைமையிலான ஆய்வாளர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டு 2019இல் வெளியிட்டார்கள். விபத்து, காற்று மாசு, இரைச்சல், பருவநிலை, இடப்பயன்பாடு, உடல்நலம் எல்லாவற்றையும் பணமாக்கிக் கூட்டினார்கள். கார் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சமூகத்துக்கு 11 யூரோ சென்ட் இழப்பு. சைக்கிள் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 சென்ட் ஆதாயம். நடைக்கு 37 சென்ட் ஆதாயம். ஒன்றியம் முழுவதற்கும் கூட்டினால், கார்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 கோடி யூரோ இழப்பு.

இந்தியாவுக்கென எரிசக்தி, வள ஆய்வு நிறுவனமான ‘டெரி’ 2018இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. இருசக்கர வாகனத்திலும் காரிலும் போகும் குறுந்தொலைவுப் பயணங்களில் பாதியைச் சைக்கிளுக்கு மாற்றினால் ஆண்டுக்கு 1.8 லட்சம் கோடி ரூபாய் மிச்சமாகும் என்றது அது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.6 விழுக்காடு. எரிபொருள் மிச்சம், உடல்நலம், மாசுக் குறைவு எல்லாம் சேர்ந்த தொகை இது.

இட விஷயத்தைப் பார்த்தாலும் கணக்கு இதே பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோவின் மதிப்பீட்டில், ஒரே அகலமுள்ள தடம் தனியார் வாகனங்களுக்கு விடப்பட்டால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை கடக்க முடியும். பாதுகாப்பான சைக்கிள் தடமாக்கினால் 7,500 பேர் வரை. நடைபாதையாக்கினால் 9,000 பேர். நெரிசலான நகரத்தில் நிலம்தான் மிக விலையுயர்ந்த பொருள். அதை மிகக் குறைவான ஆட்களைக் கடத்தும் வழிக்கே நாம் கொடுத்துவருகிறோம்.

பில் யாருக்குப் போகிறது?

முதல் பில் விபத்து நடந்த வீட்டுக்குப் போகிறது. உத்தரப் பிரதேசம், பிகார், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் ஆய்வு நடத்தி உலக வங்கி 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாலை விபத்துக்கு ஆளான ஏழைக் குடும்பங்களில் முக்கால் பங்குக்கு மேல் வருமானம் வீழ்ந்திருந்தது. ஏழைக் குடும்பத்துக்கு ஏற்பட்ட பண இழப்பு, ஏழு மாத வருமானத்துக்கும் மேல். வசதியான குடும்பத்துக்கு ஒரு மாத வருமானத்துக்கும் குறைவு. விபத்து ஒன்றுதான், ஒரு வீட்டில் அது செலவு, இன்னொரு வீட்டில் அது கடன், நகை அடகு, பிள்ளையின் படிப்பு நிற்பது.

இரண்டாவது பில் அரசு கருவூலத்துக்கு. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. பல உயிர்களைக் காக்கும் நல்ல திட்டம். ஆனால் ஒரு கையால் நடைபாதையைக் குறுக்கி, மறு கையால் மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது நிதி நிர்வாகம் ஆகாது. விபத்தைத் தடுக்கும் செலவு, அடிபட்டவரைப் பிழைக்கவைக்கும் செலவைவிடக் குறைவு.

மூன்றாவது பில் சத்தமில்லாமல் வருகிறது. சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுடன் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது: நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்றது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது இன்னும் மோசம். நீரிழிவுக்கு உணவும் மரபும் காரணங்கள்தாம். ஆனால் உடல் அசைவு குறைந்ததும் முக்கியமான காரணம். ஒருமுறை வந்த பிறகு மாத்திரை, பரிசோதனை, கண், சிறுநீரகம் என்று ஆயுள் முழுக்கச் செலவு.

உலகச் சுகாதார நிறுவனம் நகரங்களுக்காக உருவாக்கியிருக்கும் ‘ஹீட்’ என்ற கணிப்பு முறை இதற்கு ஓர் அளவைத் தருகிறது. வாரத்துக்கு 168 நிமிடம் நடப்பவருக்கு அகால மரண அபாயம் 11 விழுக்காடு குறைகிறது. வாரத்துக்கு 100 நிமிடம் சைக்கிள் ஓட்டுபவருக்கு 10 விழுக்காடு. 168 நிமிடம் என்றால் நாளுக்கு 24 நிமிடம்: பேருந்து நிறுத்தத்துக்குப் போக 12, வர 12. இதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. நடக்கத்தக்க நடைபாதை இருந்தால் போதும்.

பதினைந்து சென்டிமீட்டர்

அந்த நடைபாதை எப்படி இருக்கிறது? இந்திய சாலைக் காங்கிரஸின் 103ஆம் வழிகாட்டு ஆவணம் சொல்வது இது: நடக்கும் பகுதி தடையின்றி குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கவும், முழங்கால் வலி உள்ளவர் ஏறி இறங்கவும் போடப்பட்ட அளவுகள் இவை.

தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் ஒரு பிரதான சாலையின் நடைபாதையில் நூறு அடி நடந்து பாருங்கள். முதலில் மின்வாரியத்தின் பில்லர் பெட்டி, அதன் மூடி திறந்து கிடக்கும். அடுத்து டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சுற்றிய கம்பி வேலி நடைபாதையை முழுவதுமாக அடைத்திருக்கும். பிறகு ஒரு கடையின் படிக்கட்டு. அதன் பின் வரிசையாக நிற்கும் இருசக்கர வாகனங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறி இறங்க நடைபாதை வெட்டப்பட்டிருப்பதால், ஏறுவதும் இறங்குவதுமாகவே நடக்க வேண்டும். மழைநீர் வடிகாலின் மூடியே நடைபாதையாக இருக்கும் இடங்களில் உயரம் ஒரு அடியைத் தாண்டும். காலில் தெம்பு உள்ளவர் தாவிப் போவார். கையில் பையும் இடுப்பில் குழந்தையும் இருப்பவர் சாலையிலேயே இறங்கி நடப்பார். பின்னால் பேருந்து வரும்.

நடைபாதையில் நடக்காமல் சாலையில் நடக்கிறார்கள் என்று மக்களைக் குறைசொல்பவர்கள் முதலில் இந்த நூறு அடியை நடந்துவிட்டு வரட்டும்.

எழுதிய கொள்கை, ஒதுக்கிய பணம்

இது அரசுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையை 2014இல் ஏற்றது சென்னை மாநகராட்சி. இந்திய நகரங்களில் அதுதான் முதல். போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது அந்தக் கொள்கை. நடந்தும் சைக்கிளிலும் செல்வோரின் மரணத்தைச் சுழியமாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று.

அதன் பயனாகச் சில தெருக்கள் உண்மையிலேயே மாறின. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் ஏறத்தாழ 40 கோடி ரூபாயில் அகல நடைபாதைகள் திறக்கப்பட்டன. இன்று மாலை வேளையில் அங்கே பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், கடைகளில் வியாபாரம் நடக்கிறது. வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் உலகம் முழுக்க வணிகர்களுக்கு உண்டு. லண்டன் போக்குவரத்துக் கழகம் இதை ஆராய்ந்தபோது, நடந்தும் சைக்கிளிலும் பொதுப் போக்குவரத்திலும் வருகிறவர்கள் காரில் வருகிறவர்களைவிட மாதத்துக்கு 40 விழுக்காடு கூடுதலாக உள்ளூர்க் கடைகளில் செலவழிப்பது தெரிந்தது. ஒரு தடவை வாங்குவது குறைவு. வருவது பல தடவை.

ஆனால் பெரும் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். அதே தியாகராய நகரில் 1.2 கிலோமீட்டர் நீள இரும்பு மேம்பாலத்துக்கு 130 கோடி ரூபாய்க்கு மேல். அண்ணா சாலையில் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 621 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 194 கோடி. இந்த ஒரு சாலைக்கான தொகையில் பாண்டி பஜார் போன்ற பதினைந்து கடைவீதிகளைச் சீரமைக்கலாம். மேம்பாலமே கூடாது என்பதில்லை. 2014இல் எழுதிய கொள்கைக்கும் இன்று ஒதுக்கும் பணத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும்.

சைக்கிளை அறிந்த மண்

சைக்கிளின் பொருளாதாரத்தைத் தமிழ்நாட்டுக்கு வேறு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களிடம் கொண்டுபோனது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பல்லாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் வேலை நேரமானது. விளைபொருளை இன்னும் இரண்டு ஊர் தள்ளிக் கொண்டுபோய் விற்க முடிந்தது.

பின்னர் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் திட்டம் வந்தது. பிகார் அரசு 2006இல் மாணவிகளுக்காகத் தொடங்கிய இதேபோன்ற திட்டத்தைப் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகளின் விகிதம் 32 விழுக்காடு கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது. சில ஆயிரம் ரூபாய்ச் சைக்கிள் செய்த வேலை இது.

சைக்கிளைக் கொடுத்த அரசு, அதை ஓட்டப் பாதையைக் கொடுக்கவில்லை. ஊர்ச் சாலை நான்குவழிச் சாலையாகிறது, வேகம் ஏறுகிறது. மோதும் காரின் வேகம் 50 கிலோமீட்டரிலிருந்து 65ஆகக் கூடினால், அடிபட்ட பாதசாரி இறக்கும் அபாயம் நான்கரை மடங்காகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெற்றோர் பயந்துபோய் மகளைச் சைக்கிளில் அனுப்ப மறுக்கிறார்கள். கடன் வாங்கி ஸ்கூட்டர் வருகிறது. அரசு கொடுத்த சைக்கிள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கிறது.

மின்சாரம் மட்டும் தீர்வாகுமா?

இந்த இடத்தில்தான் மின்வண்டி வருகிறது. அதன் ஆதாயம் உண்மையானது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயும், ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 முதல் 50 கிலோமீட்டரும் என்றால், கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குக் குறையாது. மின் ஸ்கூட்டருக்கு முப்பது பைசா அளவே ஆகும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆயிரம் ரூபாய்ச் செலவு 150 ரூபாயாகிறது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞருக்கு இது பெரிய மிச்சம். ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் நாட்டின் மின் ஸ்கூட்டர் உற்பத்தி மையமாக இருப்பதால் தமிழ்நாட்டுக்கு வேலைவாய்ப்பும் உண்டு.

ஆனால் எந்தப் பயணத்துக்குப் பதிலாக அது ஓடுகிறது என்பதில்தான் கணக்கு மாறுகிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாடகை மின் ஸ்கூட்டர்களை 2019இல் ஆராய்ந்தார்கள். பயனாளர்களில் 49 விழுக்காட்டினர், ஸ்கூட்டர் இல்லாவிட்டால் நடந்தோ சைக்கிளிலோ போயிருப்போம் என்றார்கள். காரை விட்டு வந்தவர்கள் 34 விழுக்காட்டினர் மட்டுமே. தயாரிப்பில் எழும் கரிம உமிழ்வும், சார்ஜ் போட வண்டிகளைச் சேகரித்துவரும் வாகனங்களின் உமிழ்வும் சார்ஜ் மின்சாரத்தின் உமிழ்வைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தன. காருக்குப் பதில் வரும் மின்வண்டி லாபம். காலுக்குப் பதில் வரும் மின்வண்டி நஷ்டம்.

அடுத்த ஆபத்து பேட்டரியில். நியூயார்க் நகரில் 2023இல் லித்தியம் அயன் பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நேர்ந்தன. 18 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அந்த நகரம் பாதுகாப்புச் சான்று இல்லாத மின் சைக்கிள்களையும் பேட்டரிகளையும் விற்கத் தடைவிதித்தது. நம் வேலூரில் 2022 மார்ச்சில், இரவில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டரில் பிடித்த தீயின் புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதன் பிறகு மத்திய அரசு பேட்டரி விதிகளை இறுக்கியது. ஆனால் 250 வாட்டுக்குள்ளும் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளும் இருக்கும் வண்டிக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். பல அடுக்குமாடிகளில் அவை மாடிப்படியின் அடியில், வெளியேற இருக்கும் ஒரே வழியில் சார்ஜ் ஆகின்றன. தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்க முடியாது. சார்ஜ் போடும் இடத்தை இன்றே மாற்றலாம்.

வாடகை நிறுவனங்களின் கதையும் எச்சரிக்கையே. சீனாவின் ஓஃபோ நிறுவனம் 2018இல் கோயம்புத்தூர் உள்ளிட்ட இந்திய நகரங்களுக்கு மஞ்சள் சைக்கிள்களோடு வந்தது; அந்த ஆண்டே நாட்டைவிட்டுப் போனது. 250 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட அமெரிக்க வாடகை மின் ஸ்கூட்டர் நிறுவனமான பேர்டு 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. பாரிஸில் அதே ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்றாலும், அவர்களில் 89 விழுக்காட்டினர் வாடகை மின் ஸ்கூட்டர்களை எதிர்த்தார்கள். செப்டம்பரில் அவை அகற்றப்பட்டன. நடைபாதையில் கிடந்த ஸ்கூட்டர்கள் மக்கள் எரிச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம். முதலீட்டாளர் பணத்தில் வருகிற வண்டி அந்தப் பணம் தீர்ந்ததும் போய்விடும். பாதை மட்டுமே ஊரில் தங்கும்.

செய்ய வேண்டியவை

நம் வெயிலில் யார் நடப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைக்கும் கோடிக்கணக்கானோர் அந்த வெயிலில்தான் நடக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மரநிழலும் இடமும். நிலைமையை மாற்றவும் முடியும். நெதர்லாந்திலும் 1970களின் தொடக்கத்தில் கார்களே சாலையை ஆண்டன; 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் 400 பேருக்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அரசு தன் நிதியைத் திருப்பியது. இன்று நாம் வியக்கும் சைக்கிள் நாடு அப்படி உருவானதுதான்.

இங்கேயும் வழி திறந்திருக்கிறது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியல் சாசனத்தின் 21ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. இனி நடைபாதை அரசின் கருணையைச் சார்ந்தது அல்ல.

ஒவ்வொரு சாலைத் திட்ட அறிக்கையிலும் நடப்போரையும் சைக்கிளில் செல்வோரையும் எண்ணி, அவர்களுக்கு வரும் லாப நஷ்டத்தைப் பணமாக எழுதுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். 2014 கொள்கையின் 60 விழுக்காடு எங்கே போனது என்று மாநகராட்சி ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். மின்வண்டிக்கு மானியம் தரும் அரசு, அது ஓடத் தனித் தடத்தையும் பாதுகாப்பாகச் சார்ஜ் செய்யும் இடத்தையும் சேர்த்தே தர வேண்டும்; அவற்றை நடைபாதையைப் பிடுங்கித் தரக் கூடாது.

உங்கள் வார்டு உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் தெருவில் 1.8 மீட்டர் தடையற்ற நடைபாதை எப்போது வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதில் தாமதமாகும் ஒவ்வொரு நாளும், 2022இன் கணக்குப்படியே, இந்தியாவில் 90 பேர் நடந்துபோய் வீடு திரும்புவதில்லை.